நகத்தளவு இயந்திரத் துப்பாக்கி

ஒரு குண்டைக்கூடச் சுட இயலாத, குழலும் பிடியும் தோட்டாவும் இல்லாத, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஓர் உலோகத் துண்டை ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் இயந்திரத் துப்பாக்கி என்றே மதிக்கிறது. அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன், வேறு ஆயுதம் ஏதும் தன்வசம் இல்லாதவனாயினும், 10 ஆண்டு வரை சிறைவாசத்துக்கு உரியவனாகிறான். முதன்முறை கேட்பவர்களுக்கு இது மிதமிஞ்சிய கண்டிப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்தத் துண்டு ஒரு சாதாரணக் கைத்துப்பாக்கியின் பின்முனையில் போய் அமர்ந்த பிறகு நிகழ்வது இன்னதென்று அறிந்தவர்கள் சட்டத்தின் கடுமையைக் குறை கூற மாட்டார்கள். இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் அந்நாட்டு நகரங்களில் அது ஏன் இவ்வளவு மலிந்து கிடக்கிறது என்பதே அவர்களுடைய விசாரமாக இருக்கும்.

சாதாரணக் கைத்துப்பாக்கியில் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் புறப்படும்; அடுத்த குண்டுக்கு விரலைத் தளர்த்தி மீண்டும் இழுத்தாக வேண்டும். விரல் தளர்ந்து மீள்கிற அந்த க்ஷணநேரம் அற்பமானது போலத் தோன்றினாலும், எதிரே இருப்பவன் தரையில் விழுந்து ஒளிவதும், தாய் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுவதும் அத்தகைய க்ஷணங்களில்தான். தெருவழக்கில் ‘சுவிட்ச்’ என்று சொல்லப்படும் இந்தத் துண்டு அந்த இடைவெளியை அடியோடு போக்கிவிடுகிறது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் குண்டுகள் ஓயாமல் பாய்கின்றன. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,200 என்ற அந்த வேகத்தில், 17 குண்டுகள் அடங்கிய தோட்டாக்கூடு ஒரு விநாடி முடிவதற்குள் காலியாகிவிடும். இந்த வேகத்தைவிடக் கொடிய அபாயம் ஒன்றும் உண்டு. ராணுவத்தார் கையாளும் இயந்திரத் துப்பாக்கிக்குத் தக்க கனமும், தோளில் பதிந்து அதிர்ச்சியைத் தாங்கும் கட்டையும் இருக்கின்றன. குண்டுகளோடு சேர்ந்தும் ஏறத்தாழ ஒரு கிலோவே எடையுள்ள கைத்துப்பாக்கிக்கு அவ்விரண்டும் இல்லாததால், முதல் குண்டு புறப்பட்ட மாத்திரத்தில் அதன் வாய் மேல்நோக்கி எகிற, பின்வரும் குண்டுகள் எவனைக் குறிவைத்தனவோ அவனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னாலுள்ள ஜன்னலையும் மாடி முகப்பையும் நடைபாதையில் நிற்பவர்களையும் நாடிச் செல்கின்றன. விரோதம் ஒருவன்மேல் இருக்க, சம்பந்தமே இல்லாத பலர் மடிவது இவ்விதமாகத்தான்.

இவ்வாறு மாற்றப்படுபவற்றில் மிகப் பிரசித்தமானது கிளாக் கைத்துப்பாக்கி. ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் என்பவர் நிர்மாணித்து, 1982-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த ஆயுதம், உறுப்புகள் குறைவு, பழுது அபூர்வம் என்ற நற்பெயரோடு அமெரிக்காவில் புகுந்து, போலீஸ் இலாகாக்களிலும் குடும்பங்களிலும் ஒருங்கே இடம் பிடித்தது. எந்த எளிய அமைப்பு அதற்குப் புகழைத் தேடித் தந்ததோ அந்த அமைப்பே இன்று குற்றவாளிகளுக்கும் அனுகூலமாக இருக்கிறது.

இனி, சட்டத்தின் கதையைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோ நகரத்தில் ஒரு மோட்டார்க் கொட்டகைச் சுவரோரமாக ஏழு பேரை நிறுத்தி வைத்துத் தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டுக் கொன்றார்கள். கொல்ல வந்தவர்களில் சிலர் போலீஸ் உடை தரித்திருந்தார்கள். மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயக் கோஷ்டிகளின் அட்டூழியத்தால் வெறுப்படைந்திருந்த ஜனங்களின் அபிப்பிராயத்துக்குச் செவிசாய்த்து, 1934-ல் காங்கிரஸ் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டம் இயந்திரத் துப்பாக்கியை நேரடியாகத் தடை செய்யவில்லை; ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டுமென்றும், செய்வதற்கும் கைமாற்றுவதற்கும் 200 டாலர் வரி செலுத்த வேண்டுமென்றும் விதித்தது. அந்நாளில் தாம்ஸன் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ 200 டாலர் என்பதை நினைத்தால், அந்த வரியின் உத்தேசம் கஜானாவை நிரப்புவதல்ல என்பது விளங்கும்.

இங்கே மறந்துவிடக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. கைத்துப்பாக்கிகளையும் இதே பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்த வேண்டுமென்பதே அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸின் கருத்து. மசோதாவின் முதல் வடிவமும் அப்படித்தான் இருந்தது. பலத்த எதிர்ப்புக்கு இணங்கிக் காங்கிரஸ் கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அன்றைக்கு விலக்குப் பெற்ற அந்தக் கைத்துப்பாக்கிதான் இன்றைக்கு விரல் நகத்தளவு உறுப்பு ஒன்றின் உதவியால் தாம்ஸன் துப்பாக்கியையும் மிஞ்சுகிற வேகத்தோடு சுடுகிறது. 1934-ன் அந்தச் சமரசத்துக்கு அமெரிக்கா இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜனாதிபதி கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகிய மூவரும் துப்பாக்கிக்கு இரையான பின்னர் 1968-ல் வந்த சட்டம், ஆயுதத்தை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கென்று சேர்த்தமைத்த உறுப்புகளின் தொகுதியையும் இயந்திரத் துப்பாக்கி என்ற இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. 1986-ல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அந்த நோக்கத்துக்கென்றே அமைந்த தனியுறுப்பு ஒன்றையும் அதில் சேர்த்ததோடு, அந்த வருஷம் மே 19-க்குப் பிறகு புதிதாகச் செய்யப்படும் எந்த இயந்திரத் துப்பாக்கியும் தனிமனிதர் கைக்குப் போகலாகாது என்றும் தடுத்துவிட்டது. அதற்கு முன்பே முறைப்படி பதிவானவற்றை மட்டும் இன்றும் வாங்கலாம், விற்கலாம். எண்ணிக்கை பெருக வழியில்லாததால் ஒவ்வொன்றும் பல்லாயிரம் டாலருக்கு விலை போகிறது. வன்முறைக் குற்றத்திலோ போதைப்பொருள் வியாபாரத்திலோ இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் குறைந்தபட்ச தண்டனையே 30 ஆண்டு. சுவிட்சுக்கும் இவையெல்லாம் அப்படியே பொருந்தும்.

இத்தனை கண்டிப்புக்கும் எல்லைக்கோடு வகுத்தவர்கள் நீதிபதிகள். 1994-ல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில், ஒருவனிடமுள்ள துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கியாக மாறியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று அரசாங்கம் நிரூபித்தால்தான் தண்டிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அறியாதவனைச் சிறையில் அடைப்பது அநியாயம் ஆகையால், அந்தத் தீர்ப்பு எனக்கு முற்றும் சம்மதமே.

பின்னால் வந்த தீர்ப்பு ஒன்றை அவ்வளவு எளிதாக ஏற்க மனம் வரவில்லை. 2017 அக்டோபர் 1 இரவில், லாஸ் வேகாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றின் 32-வது மாடியிலிருந்து, கீழே சங்கீத விழாவுக்குக் கூடியிருந்த பெருங்கூட்டத்தின்மேல் ஒருவன் சுமார் பத்து நிமிஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். 58 பேர் அப்போதே மாண்டார்கள். காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60. அவனுடைய துப்பாக்கிகளில் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற கட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. துப்பாக்கி பின்வாங்குகிற வேகத்தையே பயன்படுத்தி, அசையாமல் இருக்கும் விரலில் விசை மீண்டும் மீண்டும் மோதும்படி செய்பவை அவை. அவற்றையும் இயந்திரத் துப்பாக்கியாகக் கருதி அரசாங்க இலாகா விதித்த தடை 2019 மார்ச்சில் அமலுக்கு வந்தது. 2024 ஜூன் 14 அன்று கார்கில் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளிவிட்டது. விசையின் ஒரே இயக்கத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் தாமாகப் புறப்பட வேண்டும் என்பது 1934-ன் இலக்கணம். பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியே இயங்குகிறதே என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆயினும், ஆயுதத்தின் உள்ளே நடப்பதை அளவுகோலாக வைத்து, அதன் எதிரே நிற்பவர்களுக்கு நேர்வதை அளவுகோலாக வைக்காத ஒரு சட்டத்தைச் சாமர்த்தியசாலிகள் ஏதாவது ஒரு புது ஏற்பாட்டால் தாண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். இலக்கணத்தைத் திருத்தக் காங்கிரஸுக்குத் தடையில்லை என்று தீர்ப்புக்கு இணங்கிய நீதிபதி அலிட்டோவே எழுதினார். திருத்தம் இன்னும் வரவில்லை. சுவிட்சைப் பற்றிய சட்டத்தை இந்தத் தீர்ப்பு தொடவில்லை; அது சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றமாகவே நீடிக்கிறது.

உறுப்பு குற்றமென்றால் அதன் படம்? இந்தக் கேள்வியும் கோர்ட்டுக்கு வந்தது. சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுள்ள எஃகுத் தகடு ஒன்றில், துப்பாக்கியை மாற்றும் உறுப்பின் உருவத்தை மெல்லிய கோடுகளாகப் பொறித்து இணையத்தில் விற்றார்கள். இது வெறும் சித்திரம், பேச்சுரிமையில் அடங்கியது என்று வாதாடினார்கள். ஃப்ளாரிடா ராஜ்யத்தில் ஜூரிகள் 2023-ல் அந்த வாதத்தை ஏற்காமல் குற்றவாளிகள் என்றே தீர்மானித்தார்கள்.

கடினமான சட்டத்தின் கையிலிருந்து சுவிட்ச் நழுவிப் போவதற்குக் காரணம் அதன் அற்ப விலையும் அற்ப உருவமுமே. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்திய இலாகா 2012 முதல் 2016 வரை கைப்பற்றிய, துப்பாக்கியை மாற்றும் சாதனங்கள் 814. அடுத்த ஐந்து வருஷத்தில் 5,454. சீனாவிலிருந்து தபாற்பொட்டலங்களில், சங்கிலி என்றும் விளையாட்டுச் சாமான் என்றும் பொய் விவரம் எழுதி வந்து சேர்ந்தவை பல. இவற்றை விற்றுவந்த 350-க்கும் மேற்பட்ட இணையதளங்களை 2024 செப்டம்பரில் அரசாங்கம் கைப்பற்றியது. அந்த வழியை அடைத்தாலும், 3டி பிரிண்டர் உள்ள வீடெல்லாம் பட்டறையாகிவிட்ட காலத்தில், துறைமுகத்துச் சுங்க அதிகாரி எதைத் தடுத்து நிறுத்துவார்?

2022 ஏப்ரல் 3 விடியற்காலையில் கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில் ஆறு பேர் இறந்து பன்னிரண்டு பேர் காயமுற்ற தெருவில், இவ்விதம் மாற்றப்பட்ட கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டது. 2024 செப்டம்பர் 21 இரவில் அலபாமா ராஜ்யத்துப் பர்மிங்ஹாமில், ஒரு கேளிக்கை விடுதியின் வாசலில் வரிசையில் நின்றவர்கள்மேல் குண்டுகள் பொழிந்து நால்வர் மாண்டார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். அங்கும் சுவிட்ச் பயன்பட்டிருக்கிறதென்றே போலீஸார் கருதினார்கள். மத்திய சட்டம் இருந்தும் அந்த ராஜ்யத்தில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லாததால், சுவிட்சை வைத்திருந்த குற்றத்துக்காக உள்ளூர்ப் போலீஸாரும் ராஜ்ய வழக்கறிஞரும் தாங்களே வழக்கு நடத்த இயலாமல், மத்திய அதிகாரிகளின் கையை எதிர்பார்த்திருந்தார்கள். மறு வருஷமே, துப்பாக்கி உரிமையைப் பெரிதும் போற்றுகிற அந்த ராஜ்யத்தின் சட்டசபை சுவிட்சைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. இரண்டு கட்சியாரும் ஒத்துப்போகிற துப்பாக்கி விஷயம் அமெரிக்காவில் அபூர்வம். இது அவற்றுள் ஒன்று.

ஆனால் பிடிபட்டவனைத் தண்டிப்பதோடு கடமை தீர்ந்துவிடுகிறதா? இவ்வளவு எளிதில் மாற்றத்தக்க ஆயுதத்தை அப்படியே செய்து விற்றுவருபவருக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்டு, சிகாகோ நகரம் 2024-ல் கிளாக் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நியூஜெர்ஸியும் மின்னசோட்டாவும் அதே வழியில் சென்றன. எங்கள் துப்பாக்கி சட்டப்படி விற்கப்படுகிறது, பிறன் செய்யும் குற்றத்துக்கு நாங்கள் எப்படி உத்தரவாதி என்பது துப்பாக்கி செய்பவர்களின் நெடுங்கால வாதம். அதற்குத் துணையாக 2005-ல் காங்கிரஸ் செய்த பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. செய்பவன் தன் பொருளுக்கு நேரும் துஷ்பிரயோகம் அனைத்துக்கும் ஆளாக மாட்டான் என்பது நியாயந்தான். ஆனால் துஷ்பிரயோகம் இன்ன வழியில், இன்ன உறுப்பினால், இன்னின்ன ஊர்களில் நடக்கிறது என்று ஊரறியத் தெரிந்த பிறகும், அமைப்பைத் திருத்தும் வல்லமை தன்னிடமே இருந்தபோது, அவன் வாளாவிருந்ததை நியாயம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

கலிஃபோர்னியா இந்த வழியில் ஓரடி முன்னே வைத்தது. சுவிட்சைச் சுலபமாக ஏற்கும் அமைப்புள்ள கைத்துப்பாக்கிகளை வியாபாரிகள் விற்கலாகாது என்ற சட்டத்தில் கவர்னர் நியூஸம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். அமலுக்கு வரும் தேதியாக அது குறித்திருப்பது 2026 ஜூலை 1. சாதாரண ஜனங்கள் தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும் ஆயுதத்தையே இது பறிக்கிறது என்று துப்பாக்கி உரிமைச் சங்கங்கள் தாமதமின்றிக் கோர்ட்டுக்குப் போயின. அந்தச் சட்டம் நிலைத்து நின்றாலும், அது கட்டுப்படுத்துவது கடையில் இனி நடக்கும் விற்பனையை மட்டுமே. ஏற்கெனவே விற்றுப்போய் வீடுகளில் இருக்கும் கைத்துப்பாக்கிகள் உரியவர்களிடமே இருக்கும்.