சென்னை வெள்ளத்தை தடுக்க வெளிநாட்டு கடன்: வடிகால் மட்டும் போதுமா?

சென்னை, ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வியாசர்பாடி முதல் வேளச்சேரி வரை மக்கள் கேட்கும் ஒரே கேள்வி, "இந்த வருஷமும் வீட்டுக்குள்ள தண்ணி வருமா?" என்பதுதான். இதற்கு பதில் தேடும் வேலையில் வெளிநாட்டு வங்கிகளும் நிபுணர்களும் சென்னையோடு கைகோத்துள்ளனர். பணம் யாருடையது? அதில் என்ன வேலை நடக்கிறது? இதோ விவரம்.

2015 கொடுத்த பாடம்

2015 டிசம்பர் 1-ந்தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரையோர பகுதிகள் மூழ்கின.

மழைநீர் வடிகால் பணிக்காக சென்னையை கொசஸ்தலை ஆறு, கூவம், அடையாறு, கோவளம் என்று 4 வடிநில பகுதிகளாக பிரித்தனர். அடையாறு, கூவம் பகுதிக்கு உலக வங்கி நிதி வந்தது. கோவளம் பகுதிக்கு ஜெர்மனி நாட்டு வங்கியான கே.எப்.டபிள்யூ. கைகொடுத்தது. கொசஸ்தலை ஆற்று பகுதிக்கு, மணிலாவை தலைமையிடமாக கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் வழங்க ஒப்புதல் அளித்தது. 588 கி.மீ. நீளத்துக்கு புதிய வடிகால், மழைநீரை பூமிக்குள் இறக்க 23 ஆயிரம் சேகரிப்பு தொட்டிகள் என்பது அந்த திட்டம்.

சும்மா கொடுக்கலை!

"வெளிநாட்டுக்காரன் இனாமா தர்றான்" என்று நினைத்தால் தவறு. இது கடன். நாம் கட்டும் வரிப்பணத்தில் இருந்துதான் திருப்பி செலுத்த வேண்டும். எனவே வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்த வங்கிகளுக்கு விதிமுறைகளும் இருக்கின்றன. சுற்றுச்சூழல் கெடக்கூடாது. வீடு, கடை இழப்பவர்களுக்கு இழப்பீடும் மாற்று ஏற்பாடும் வேண்டும். பாதிக்கப்பட்ட மக்கள் வங்கியிடமே நேரடியாக புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. உலக வங்கியில் இதற்கென தனி விசாரணை குழு 1993 முதல் உள்ளது. கிழக்கு கடற்கரை சாலை பகுதியில், "மணல் பூமி தானாகவே தண்ணியை உறிஞ்சிக்கும், இங்கே எதுக்கு வடிகால்?" என்று குடியிருப்போர் எதிர்த்து பசுமை தீர்ப்பாயம் வரை சென்றது பலருக்கு நினைவிருக்கும்.

நெதர்லாந்து சொல்வது என்ன?

நாட்டின் கால் பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் தேசம் நெதர்லாந்து. 1995 வெள்ள அபாயத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கு வெளியேற்றப்பட்டனர். அதன்பிறகு, கரையை மேலும் மேலும் உயர்த்துவது மட்டும் போதாது என்று முடிவு செய்தனர். 30-க்கும் மேற்பட்ட இடங்களில் கரையை பின்னுக்கு தள்ளியும், ஆற்றுப்படுகையை ஆழப்படுத்தியும் ஆற்றுக்கு இடம் கொடுத்தனர்.

அதே நாட்டு நிபுணர்கள் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து சென்னைக்கு தந்த யோசனை "ஆயிரம் குளங்களின் நகரம்". மழைநீரை ஓடவிடாமல் ஆங்காங்கே குளத்திலும், மண்ணிலும் பிடித்து வைத்தால் வெள்ளமும் குறையும், கோடையில் குடிநீர் பஞ்சமும் குறையும் என்பதே அதன் சாரம்.

காரணம் எளிது. வடிகால் என்பது தண்ணீருக்கு வழி மட்டுமே. மறுமுனையில் இடம் இருந்தால்தான் தண்ணீர் வடியும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது கடல் கொந்தளித்ததால் ஆற்று நீரை கடல் எளிதில் உள்வாங்கவில்லை. புதிய வடிகால்கள் இருந்தும் பல பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியது.

அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரை தாங்க வேண்டியது ஏரியும், பள்ளிக்கரணை சதுப்பு நிலமும்தான். பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சார் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அதன் பெரும்பகுதி ஏற்கனவே கட்டிடங்களாகவும், சாலையாகவும், குப்பை மேடாகவும் மாறிவிட்டது. கடன் வாங்கி வடிகால் கட்டலாம். போன சதுப்பு நிலத்தை எந்த வங்கியும் கடனாக தராது.

உங்கள் தெரு வடிகாலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தால் மழைக்கு முன்பே மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணையும் மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.