சைக்கிளுக்கு எத்தனை சி.சி. போதும்?

சைக்கிள் மக்கள் வாழ்வை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்குள்ள பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. குவாரியில் கல் உடைத்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை நாடறிய எழுதினார். ஆனால் சைக்கிளுக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல உடல்நலமுள்ள ஒருவர் தொடர்ந்து ஒரு மணி நேரம் மிதித்தால் சாதாரணமாக 100 வாட் அளவில்தான் தர முடியும். சித்திரை வெயிலில், நார்த்தாமலைப் பாறைகள் அனல் கக்கும் நேரத்தில், அதுவும் குறையும். பழைய மருந்தடிக்கும் மெஷினிலோ புல் வெட்டும் மெஷினிலோ இருக்கும் சிறு எஞ்சினைக் கழற்றி சைக்கிளில் மாட்டினால் என்ன என்று ஒரு கைத்திறனாளருக்குத் தோன்றுவது இயல்பு. அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி தவறானது. எந்த எஞ்சின் வேகமாக இழுக்கும் என்று கேட்கிறார்கள். இந்த சைக்கிள் எந்த வேகத்தில் பத்திரமாக நிற்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எஞ்சினின் அளவை அந்த விடை முடிவு செய்யட்டும்.

சைக்கிளில் எஞ்சின் மாட்டும் வேலைக்குப் பெருமைமிக்க வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானில் போக்குவரத்து முடங்கிக் கிடந்த 1946ஆம் ஆண்டில், ஹமமட்சு நகரில் சொய்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துவந்த சிறு எஞ்சின்களை வாங்கி சைக்கிள்களில் பொருத்தி விற்றார். கிடைத்த சுமார் 500 எஞ்சின்களும் தீர்ந்த பிறகே சொந்த எஞ்சினை உருவாக்கினார். அதே காலத்தில் பிரான்ஸில் வெலோசொலெக்ஸ் வந்தது. அதன் எஞ்சின் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, ஓர் உருளையை டயரில் அழுத்திச் சுழற்றும். அதன் திறன் 1 குதிரைத்திறனைக்கூட எட்டியதில்லை. ஆனாலும் லட்சக்கணக்கில் விற்றது. குறைந்த சக்தி அதற்கு ஒரு குறையாகவே இருக்கவில்லை என்பதை அந்த விற்பனை காட்டுகிறது.

இதற்கான காரணம் எளிய கணக்கில் தெரியும். ஆள், சைக்கிள், எஞ்சின் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். சமதளத்தில் வண்டியைத் தடுப்பவை இரண்டு: டயர் உருள்வதில் வரும் தடை, எதிர்க்காற்று. முதலாவது, வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. இரண்டாவது, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 100 வாட் போதும். 25க்கு 170 வாட். 40க்கு 560 வாட் வேண்டும்; 50ஐத் தொட 1,000 வாட்டைத் தாண்ட வேண்டும். 25 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று சுமார் 1 குதிரைத்திறன், அதாவது 750 வாட் தரும். செயினிலும் கியரிலும் ஒரு பங்கு வீணானாலும், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டியதைப் போல இரண்டு மூன்று மடங்கு மிஞ்சும். மருந்தடிக்கும் மெஷினின் எஞ்சினே தேவைக்கு அதிகம் என்னும்போது, பழைய மொபெட்டின் எஞ்சினை ஏற்றுவதற்கு நியாயமே இல்லை.

மிஞ்சும் சக்தி சும்மா இருக்காது, வேகமாக மாறும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. 100 கிலோ எடை 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் சுமார் 1,540 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 40ல் அது 6,170 ஜூல். இத்தனையையும் வெப்பமாக மாற்ற வேண்டியவை இரண்டு ஜோடி ரப்பர் கட்டைகள். நம் ஊர் கறுப்பு சைக்கிளின் கம்பி பிரேக், எஃகு ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது. உலர்ந்த ரிம்மில் அது ஒவ்வொரு நொடியும் வேகத்தை மணிக்கு 9 கிலோமீட்டர் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். சுதாரிக்க ஒரு நொடி சேர்த்தால், 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 12 மீட்டரில் நிற்பார். 40ல் வருபவருக்கு 36 மீட்டர் வேண்டும். மழையில் எஃகு ரிம் நனைந்துவிட்டால் ரப்பரின் பிடி பாதிக்கும் கீழே போகும். திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே அந்தக் கூடுதல் மீட்டர்கள்தான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

வேகத்தை அடக்கும் இடம் ஆக்சிலரேட்டர் அல்ல, பல்சக்கரம். கை எப்போது வேண்டுமானாலும் முறுக்கிவிடும். பற்களின் எண்ணிக்கை மாறாது. நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும் எஞ்சினைக் கொண்டு, 28 அங்குலச் சக்கரத்தை 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுழற்ற வேண்டுமானால், சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்றுதான் சுற்ற வேண்டும். அதாவது எஞ்சின் 43 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை. இதை ஒரே செயினில் அடைய முடியாது. இடையில் ஒரு தண்டு வைத்து இரண்டு கட்டமாகக் குறைக்க வேண்டும். சோம்பல்பட்டு, 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை எஞ்சின் தண்டில் நேராகப் பொருத்தி டயரில் அழுத்தினால், அதே சுற்றில் வண்டி 37 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். மழையில் உருளை வழுக்கும். டயரும் சீக்கிரம் தேயும். சரியான விகிதத்தில் செய்த வண்டியோ எவ்வளவு முறுக்கினாலும் தன் எல்லைக்கு மேல் அதிகம் போகாது. அதுவே அதற்குள் இருக்கும் பாதுகாப்பு.

ஏற்றத்திலும் சுமையோடும் இந்தச் சிறு சக்தி எப்படிப் போதும் என்ற கேள்வி எழும். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயரும் சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 180 வாட் போதும். கேரியரில் 50 கிலோ மூட்டை இருந்தால் 260 வாட். நார்த்தாமலைக் குன்றுகள் சமவெளியில் தனித்தனியாக நிற்கும் பாறைகள். அவற்றைச் சுற்றிப் போகும் சாலைகளுக்கு இதற்கு மேல் பெரிதாகத் தேவைப்படாது. போதாத இடத்தில் பெடல் இருக்கவே இருக்கிறது. எஞ்சினை உதவியாக வைத்துக்கொண்டு மனிதர் மிதிப்பதுதான் இந்த வண்டியின் இலக்கணம்.

இதைவிட வலுவான ஆட்சேபம், பழைய மொபெட் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்பது. 40 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்பவருக்கு அதுவே சரியான அறிவுரை. 1980ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ் 50, சைக்கிளில் மாட்டிய எஞ்சின் அல்ல. டிரம் பிரேக், தடித்த டயர், இருவரைத் தாங்கும் ஃபிரேம் என்று எல்லாமே அந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. சைக்கிளில் வேகத்தைக் கூட்டினால் பிரேக்கை மாற்ற வேண்டும். வலுவான பிரேக்கைத் தாங்க ஃபோர்க்கை மாற்ற வேண்டும். பிறகு ரிம், ஸ்போக்ஸ். இறுதியில் மோசமான மொபெட் ஒன்றுதான் மிஞ்சும். சட்டமும் கோட்டை ஏறத்தாழ இதே இடத்தில் போடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28), நான்குக்குக் குறைவான சக்கரங்களும் 25 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அதைத் தாண்டினால் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும். பட்டறையில் செய்த வண்டி அவற்றைப் பெறுவது நடைமுறையில் நடக்காது. வடமாநிலங்களில் உள்ளூரிலேயே கூட்டிச் செய்த ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் ஓடும் மோட்டார் வைத்த மீன்பாடி வண்டிகள் ஏழைகளின் பிழைப்புக்கு உதவுபவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நிறுத்தும் சக்தியை மறந்து இழுக்கும் சக்தியை மட்டும் கூட்டியதால்தான் அவை அச்சத்துக்கும் உரியவையாயின.

பேட்டரி வந்துவிட்ட காலத்தில் பெட்ரோல் எதற்கு என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்து எரிப்பது. எரிபொருளில் ஒரு பங்கை எரியாமலேயே புகையோடு வெளியே தள்ளும். அன்றாடப் பயணத்துக்கு மின்மோட்டாரே மேல். ஆனாலும் கேள்வி மாறவில்லை. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்சைக்கிளை விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. நம் கணக்கு சொன்ன அளவும் அதுவே. 1,000 வாட் மோட்டாரைச் சாதாரண ரிம்மில் பூட்டுபவர், எஞ்சினில் செய்த அதே தவற்றைச் சத்தமில்லாமல் செய்கிறார்.

ஆகவே பட்டறையில் வேலையின் வரிசை மாற வேண்டும். முதல் நாள் பிரேக்: புதிய கட்டைகள், முடிந்தால் அலுமினிய ரிம், லீவரைப் பிடித்தால் எஞ்சின் அணையும் ஸ்விட்ச். பிறகு ஸ்போக்ஸ்களை இழுத்துக் கட்டுவது, ஃபோர்க்கில் விரிசல் பார்ப்பது. தண்ணீர் ஊற்றி நனைத்த ரிம்மோடு நிறுத்திப் பார்த்து, பத்திரமான வேகத்தை அளந்துகொள்வது. அந்த வேகத்துக்கேற்பப் பல்சக்கரங்களைக் கணக்கிடுவது. எஞ்சினைக் கடைசியில் பொருத்துவது. ஐ.டி.ஐ.க்களும் பாலிடெக்னிக்குகளும் இதை ஒரு பாடமாகவே நடத்தலாம். ஆற்றல், உராய்வு, பல்விகிதம், சட்டம் நான்கையும் ஒரே வண்டியில் கற்பிக்க முடியும். தானே வண்டி செய்ய நினைக்கும் இளைஞருக்கு ஊர் தர வேண்டியது தடையும் கேலியும் அல்ல. இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தால் போதும், எத்தனை சி.சி. வேண்டும் என்பதை அவர் தாமே சரியாகச் சொல்வார்.