மேகத்துக்குள்ளே காது பொய் சொல்லும்!

குழந்தைகள் தட்டாமாலை சுற்றுவதைப் பார்க்காத அம்மா உண்டா? கிறுகிறுவென்று சுற்றிவிட்டு நின்றதும், “அம்மா, வீடே சுத்துது!” என்று கத்திக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்துவிடும். வீடு எங்கே சுற்றியது? குழந்தையின் காது பொய் சொல்கிறது, அவ்வளவுதான். கூடத்தில் இது சிரிப்பு. மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட ஹெலிகாப்டர் விமானியிடம் காது இதே பொய்யைச் சொன்னால்? அது உயிருக்கே உலை.

“நமக்கும் ஹெலிகாப்டருக்கும் என்ன சம்பந்தம்? சமையலறைக்கும் ஸ்கூல் வாசலுக்கும் நடக்கவே நேரம் சரியாயிருக்கு” என்கிறீர்களா? அப்படித் தள்ளிவிட முடியாது. “மாமியாருக்கு முழங்கால் வலி, மலையேற முடியாது. கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர்லயே டிக்கெட் போட்டுட்டோம்” என்று சொல்லும் குடும்பங்கள் இப்போது நிறைய. ஏறி உட்காருகிறவர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது.

குன்னூரில் நடந்தது

2021 டிசம்பர் 8-ஆம் தேதியை நாம் மறந்திருக்க மாட்டோம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேருடன் விமானப் படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பியது. வெலிங்டனில் 12.15-க்கு இறங்கவேண்டும். அரை மணிகூட ஆகாத பயணம். குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் மரங்களுக்கிடையே விழுந்து தீப்பிடித்தது. அந்தச் சின்ன ஊர் மக்கள் வீட்டிலிருந்த கம்பளிகளையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனாலும் 13 பேர் அன்றே போய்விட்டார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் காலமானார்.

இயந்திரக் கோளாறா, சதியா என்றெல்லாம் ஊரே பேசியது. விசாரணையில் இரண்டும் இல்லை என்று தெரிந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. அதனால் விமானிக்குத் திசையும் நிலையும் புலப்படாமல் போயிற்று என்று 2022 ஜனவரியில் விமானப் படை அறிவித்தது. நல்ல இயந்திரம், தேர்ந்த விமானி. அப்படியும் இப்படி நடக்குமா? நடக்கும். காரணம் நம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

காதுக்குள் மூன்று வளையங்கள்

காது கேட்பதற்கு மட்டும் என்றுதானே நினைக்கிறோம்? உட்காதில் அரைவட்டமாக மூன்று சின்னக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம். நாம் தலையைத் திருப்பினால் திரவம் அசைந்து, அங்குள்ள மெல்லிய மயிர்களை வளைக்கும். உடனே மூளைக்குத் தகவல் போகும்: ‘திரும்புகிறோம்!’

ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால்தான் சங்கடம். கொஞ்ச நேரத்தில் திரவமும் குழலோடு சேர்ந்தே சுற்ற ஆரம்பித்துவிடும். மயிர்கள் நிமிர்ந்துவிடும். ‘நேராகப் போகிறோம்’ என்று காது சாதிக்கும். திரும்புவதை நிறுத்தினாலோ, ‘எதிர்ப்பக்கம் திரும்புகிறோம்’ என்று கூச்சல் போடும்! மிக மெதுவாகச் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் சுழலும் நாற்காலி இருந்தால் சோதித்துப் பாருங்கள். பெரிய பிள்ளை ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, மெதுவாக ஒரே சீராகச் சுற்றுங்கள். அரை நிமிஷத்துக்குள் “நின்னுடுச்சு” என்பான். நிறுத்தினால் “இப்ப அந்தப் பக்கம் சுத்துறீங்க” என்பான். (தலைசுற்றல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த விளையாட்டுக்கு வேண்டாம்.)

தினசரி வாழ்க்கையில் நம்மைக் காப்பாற்றுவது கண். தரை, சுவர், மரம் என்று எதையாவது பார்த்து, காது சொல்வதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. மேகத்துக்குள் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. அடிவானம் இல்லை, மேல் கீழ் இல்லை. திருத்த ஆள் இல்லாததால் காது வைத்ததே சட்டம்!

ஹெலிகாப்டருக்கு ஏன் அதிக ஆபத்து?

பெரிய பயணி விமானங்கள் தினமும் மேகத்துக்குள் புகுந்து போகின்றன. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் ஏற்பாடும், தானே ஓட்டும் சாதனமும் அவற்றில் உண்டு. ஹெலிகாப்டர்களோ பெரும்பாலும் கண்ணால் பார்த்து, தாழ்வாக, மலை இடுக்குகளில் பறப்பவை. சிறியவை பலவற்றில் தானியங்கிச் சாதனம் கிடையாது. விமானிக்கு இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் ஓயாத வேலை. கொஞ்சம் விட்டால் வண்டி தானாக நேரே போகாது, சாய்ந்துவிடும்.

“அந்தரத்தில் நிற்கக்கூடிய வண்டிதானே, அப்படியே நின்றுவிட்டால் என்ன?” என்று தோன்றும். அசையாமல் நிற்பதற்கும் தரையைப் பார்த்தாகவேண்டும். கண் இல்லாமல் நிற்பது, பறப்பதைவிடக் கஷ்டம்.

எத்தனை நேரம் தாங்கும்?

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரைச் சிறிய விமானத்தில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிஷம்கூட இல்லை! (கூட ஆசிரியர் இருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை.) ஹெலிகாப்டருக்கு இன்னும் குறைவு. உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகளை அலசிய அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு சொல்லும் சராசரி 56 விநாடிகள். அடுப்பில் வைத்த பால் சூடேறும் முன்பே கதை முடிந்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 26-இல் நடந்ததைப் பாருங்கள். புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், 13 வயது மகளை விளையாட்டுப் போட்டிக்கு ஹெலிகாப்டரில் அழைத்துப் போனார். எங்கும் பனிமூட்டம். “மேகத்துக்கு மேலே போக 4,000 அடிக்கு ஏறுகிறேன்” என்று விமானி வானொலியில் சொன்னார். அவர் ஏறுவதாக நினைத்த அந்த நேரத்தில், ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது! 9 பேரும் மாண்டார்கள்.

விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. ‘போயே ஆகவேண்டும்’ என்று அந்த விமானியை யாரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. பழகிய வாடிக்கையாளரை ஏமாற்றக் கூடாது என்று தன்னைத்தானே அவர் நெருக்கிக்கொண்டிருக்கலாம் என்கிறது அறிக்கை. வாய் திறந்து யாரும் அவசரப்படுத்தாதபோதே இப்படி என்றால், பின்னால் ஆறு பேர் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

திரும்புவதே கெட்டிக்காரத்தனம்

விமானிகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், மேகத்துக்குள் போகாதே என்பதுதான். ‘இந்த உயரத்துக்குக் கீழே இறங்க நேர்ந்தால் திரும்பிவிடுவேன்’ என்று கிளம்பும் முன்பே தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். வழியில் யோசித்தால் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்ற ஆசை ஜெயித்துவிடும். ஹெலிகாப்டருக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. வயலோ பள்ளிக்கூட மைதானமோ, வெட்டவெளி கிடைத்தால் இறங்கி உட்கார்ந்துவிடலாம். அதில் அவமானம் ஏதுமில்லை.

தப்பித்தவறி நுழைந்துவிட்டால்? உடம்பு சொல்வதைக் கேட்கக் கூடாது. மேலே நீலமும் கீழே பழுப்புமாகச் செயற்கை அடிவானம் காட்டும் வட்டக் கருவி ஒன்று எதிரே இருக்கும். அதை நம்பி வண்டியை முதலில் நேராக்க வேண்டும். பிறகு மலைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறி, கட்டுப்பாட்டு நிலையத்தின் உதவி கேட்க வேண்டும். பயிற்சி இருந்தால் பிழைக்கலாம். இல்லினாயில் அதே மாணவர்களுக்குக் கருவியைப் பார்த்துத் திரும்பி வரும் முறையைச் சொல்லிக்கொடுத்தபோது, அநேகமாக ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

யாத்திரை போகிறவர்களுக்கு

கேதார்நாத்தில் 2022 அக்டோபர் 18-இல் ஒரு ஹெலிகாப்டர் மலையில் மோதி 7 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் நம் தமிழ்நாட்டவர். 2025 ஜூன் 15-இல் கௌரிகுண்ட் அருகே இன்னொரு விபத்து. அதிலும் 7 பேர், இரண்டு வயது நிறையாத குழந்தை உட்பட. இரண்டு முறையும் முதலில் வந்த செய்தி ஒன்றுதான்: பார்வைக்கு வழி தெரியாத மோசமான வானிலை.

ஆகவே சில யோசனைகள்:

* பயணத் திட்டத்தில் ஓரிரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே ரயில் டிக்கெட் என்றால் மனசு பறக்கும்.

* மலையில் மேகம் சட்டென்று கூடிவிடும். கீழே வெயில் அடிக்கிறதே என்று வாதாடாதீர்கள்.

* “இன்று பறக்க முடியாது” என்றால் கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள். பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்தால் விமானிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

* மாமியாரையும் குழந்தைகளையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். “மேகம் விட்டாத்தான் சாமி பார்க்கலாம்” என்று சொல்லிவைத்தால் ஏமாற்றம் இராது.

மழை நாளில் வண்டியெடுத்துக் கிளம்பும் வீட்டுக்காரரிடம் என்ன சொல்கிறோம்? “லேட்டானா பரவாயில்லைங்க, பத்திரமா வாங்க.” ஹெலிகாப்டரில் ஏறும்போது விமானியின் காதிலும் அதையே ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். அந்தக் காது கேட்கவேண்டிய உண்மை அது ஒன்றுதான்.