மாலை மணி அடித்த பின்

மார்ச்சு 31-ஆம் நாள் இரவு. நாகபுரியில் ஒரு பாங்குக் கிளையில் ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேலை நடைபெறுகின்றது. வாயிற்கதவு சாத்தி நெடுநேரமாயிற்று. உள்ளே விளக்குகள் அணையவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குமாஸ்தா ஒருவர் 9 மணிக்கு இருக்கையை விட்டு எழுகிறார். கூடுதலாக உழைத்த மூன்று மணி நேரத்துக்கு ஊதியம் உண்டா என்று கேட்க அவருக்குக் கூச்சம். ஊர் புதிது; மொழி புதிது; கேட்டால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற அச்சம் வேறு. இத்தகையோர் முதற்கண் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. மிகைநேர ஊதியம் சலுகையன்று, உரிமை.

இவ்வுரிமை ஒரு நாளில் வந்ததன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையில் அமைந்த நடுவர் மன்றம், பாங்கு ஊழியரின் சம்பளம், வேலை நேரம், மிகைநேரப் பணி ஆகியவற்றை ஆராய்ந்து 1953-இல் தீர்ப்பளித்தது. 1962-இல் தேசாய் தீர்ப்பு வந்தது. 1966 அக்டோபர் 19-ஆம் நாள் பாங்கு நிர்வாகங்களும் சங்கங்களும் முதல் இருதரப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதுமுதல் இவ்விதிகள் உடன்படிக்கை வாயிலாகவே திருத்தப்பட்டு வருகின்றன.

இவ்வுரிமை யாருக்கு? குமாஸ்தாக்களுக்கும் கடைநிலை ஊழியர்க்கும் உண்டு. பாங்கு ஆபீசர்களுக்கு இல்லை. இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். தனியார் நிதி நிறுவனங்கள் சில, நாளெல்லாம் கணக்கெழுதுபவருக்கும் ‘மேனேஜர்’ என்று பெயர் சூட்டிவிடுகின்றன. பெயரை நோக்குவதன்று, ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலையின் தன்மையை நோக்குவதே முறை என்று உச்சநீதிமன்றம் 1985-இல் தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ, நிர்வாகப் பொறுப்பினரையும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுவோரையும் தொழிலாளி என்னும் வரையறையினின்று விலக்குகின்றன. அவ்வரையறைக்குள் வருவோரை மிகைநேரம் வேலை வாங்க அவர்தம் இசைவு வேண்டும். அதற்கு ஊதியம் இரு மடங்கு.

கணக்கு எளிது. ஒருவரின் ஊதியம் மணிக்கு 150 ரூபாய் என்று கொள்வோம். மூன்று மணி நேர மிகைப்பணிக்கு 450 ரூபாயன்று, 900 ரூபாய் கிடைக்க வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு ஆறுதலளிக்கும் செய்தியும் ஒன்றுண்டு. பாங்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகியவற்றின் தொழில் தகராறுகள் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆதலால் மாநிலம் மாறினாலும் நாட வேண்டிய இடம் மாறுவதில்லை: மத்திய அரசின் பிராந்திய லேபர் கமிஷனர் அலுவலகமே அது. ஏனைய நிதி நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கு அந்தந்த மாநிலத்தின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் துணை நிற்கும். தில்லியின் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் இரு மடங்கு ஊதியத்தையே விதிக்கின்றன.

ஊதியத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனுவைக் கொடுக்கலாம். தனியே செல்லத் தயங்குவோர் சார்பில் பதிவு பெற்ற சங்கமும் மனுச் செய்யலாம். பணம் கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சார்ந்தது. ஆயினும் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதை நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ? ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், வந்த நேரம், சென்ற நேரம், வேலையைப் பணித்தவர் பெயர் ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். பிறர் பணத்துக்குப் பைசா பிசகாமல் கணக்கு வைக்கும் நம்மவர், தம் உழைப்புக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வது தவறாகாது.