அந்தப் பழுப்புக் கோடு டிஃபெக்ட் இல்லை

செகண்ட் இயர்ல நான் வாங்கின கிட்டாரைப் பற்றி முதல்ல சொல்லிடறேன். பாஸ் அவுட் ஆகிப் போன சீனியர் அண்ணா ஒருத்தர் ஹாஸ்டலைக் காலி பண்ணும்போது வித்துட்டுப் போனது. 14,000 சொன்னார். கையில் எடுத்துப் பார்த்தேன். ஃப்ரெட்போர்டு கருங்காலி மரம், நல்ல கறுப்பு. ஆனா ஏழாவது ஃப்ரெட்டுல ஆரம்பிச்சு பன்னிரண்டு வரைக்கும் டீ கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. "அண்ணா, மரம் டிஃபெக்ட் போல இருக்கே"ன்னு சொன்னேன். எனக்கு மரம் பற்றி ஒண்ணும் தெரியாது, பேரம் பேச ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். அவருக்கும் தெரியல. 12,000-க்குக் குடுத்துட்டார்.

அந்தக் கோடு என்னன்னு தெரிஞ்சது ஒன்றரை வருஷம் கழிச்சுதான். மேனுஃபேக்சரிங் எலெக்டிவ்ல செமினாருக்கு டாபிக் தேடிக்கிட்டிருந்தேன். எல்லாரும் ஏரோஸ்பேஸ், இ.வி.ன்னு எடுக்க, நான் இசைக்கருவி எப்படிச் செய்யறாங்க, அதுல எவ்வளவு வீணாகுதுன்னு எடுத்தேன். தேடத் தேட, பேரம் பேசின நாளை நினைச்சுக் கொஞ்சம் கூச்சமா ஆயிடுச்சு.

கருங்காலின்னா இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வர்றது இன்ஸ்டாவில் விக்கிற மாலைதான். கிட்டார் கம்பெனிகளுக்கு அது வேற விஷயம். விரல் தேய்ஞ்சாலும் குழி விழாத, ரொம்ப அடர்த்தியான மரம். அதனால வயலின், கிட்டார் ரெண்டிலேயும் ஃப்ரெட்போர்டுக்கு நூற்றாண்டுக் கணக்கா அதுதான். ஒவ்வொரு நாடா வெட்டித் தீர்த்து, கடைசியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்கு வந்து நிக்குது. அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் கம்பெனி, ஸ்பெயின் நாட்டு மர வியாபார நிறுவனம் மடின்டருடன் சேர்ந்து 2011-ல் கேமரூன் நாட்டில் க்ரெலிகாம் என்ற கருங்காலி அறுவை மில்லை வாங்கினது. வாங்கின பிறகு பாப் டெய்லர் காட்டுக்குள்ள வெட்டுறவங்ககிட்டப் பேசும்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. மரம் முழுக் கறுப்பா இல்லை கோடு விழுந்ததான்னு வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும். வெட்டிப் பார்த்து, கோடு இருந்தா அங்கேயே போட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போயிடுவாங்க. காரணம், மார்க்கெட்டில் அதுக்கு விலை இல்லை. அவர் சொன்ன கணக்குப்படி, முழுக் கறுப்பான ஒரு மரம் கிடைக்கச் சுமார் பத்து மரம் விழுது. மீதி ஒன்பது காட்டிலேயே மக்குது.

இத்தனைக்கும் கோடு போட்ட கருங்காலி கடினத்தில் குறைஞ்சது இல்ல, சத்தத்திலும் குறைஞ்சது இல்ல. "கறுப்பா இருந்தாத்தான் ஒரிஜினல்"ன்னு நினைக்கிற நம்ம கண்ணுக்காக ஒன்பது மரம். டெய்லர் அதுக்கப்புறம் கோடு போட்ட மரத்தை எடுத்து, விலை ஜாஸ்தியான மாடல்களிலேயே போட ஆரம்பிச்சார். 2014-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை இதுக்காக அந்தக் கம்பெனிக்கு விருது குடுத்தது. மில்லில் புது மெஷின் வாங்கி யீல்டைக் கூட்டறது ஒரு வேலை. "இதையும் ஏத்துக்கோங்க"ன்னு வாங்குறவனிடம் சொல்றது வேற வேலை. ரெண்டாவதுதான் அதிகம் மிச்சம் பண்ணியிருக்குன்னு எனக்குத் தோணுது.

சரி, மெஷின் பக்கமும் வருவோம், நம்ம காலேஜ் மேகசின்தானே.

ஏரோஸ்பேஸ் ஆளுங்க 'பை டு ஃப்ளை ரேஷியோ'ன்னு ஒண்ணு சொல்வாங்க. வாங்கின உலோகம் எத்தனை கிலோ, அதில் விமானத்தில் பறக்கிறது எத்தனை கிலோ. கிட்டாரையும் அதே கண்ணால பாருங்க. பின்பலகை முடிஞ்ச நிலையில் ரெண்டரை மில்லிமீட்டர் கனம் வரும். தேய்ப்புக்கும் சேர்த்து 4 மில்லிமீட்டரா அறுப்பாங்கன்னு வெச்சுக்கலாம். ரம்பம் தின்கிற அகலம் 3 மில்லிமீட்டர்னா, 50 மில்லிமீட்டர் கட்டையில் 7 பலகை கிடைக்கும். மெல்லிய பிளேடு போட்ட பேண்ட்-சாவில் அது 1 மில்லிமீட்டர்னா 10 பலகை. மரம் அதே, டிசைன் அதே, பிளேடு மட்டும் வேற. மூணு பலகை தூளாப் போகாம நிக்குது.

இன்னும் சுவாரஸ்யமானது கழுத்து. அகூஸ்டிக் கிட்டாரின் கழுத்து சுமார் ரெண்டு சென்டிமீட்டர் கனம்தான். ஆனா ஒரு முனையில் தலை பின்பக்கம் சாய்ஞ்சிருக்கும். இன்னொரு முனையில், உடம்போட சேருற இடத்துல, குதிகால் மாதிரி ஆழமா இறங்கும். இந்த மூணையும் ஒரே கட்டையில் செதுக்கணும்னா 7 முதல் 10 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டை வேணும், அதில் பெரும்பகுதி சீவிப் போட வேண்டியதுதான். இதுக்கு மாற்று ரொம்பப் பழசு: மெல்லிய பலகையில் கழுத்தை வெட்டி, தலையைச் சாய்வெட்டா ஒட்டுறது, குதிகாலை அடுக்கி ஒட்டுறது. "ஒட்டினா வீக் ஆகாதா?"ன்னு நானும் கேட்டேன். பார்த்தா உல்டா. ஒரே கட்டையில் செதுக்கும்போது சாய்ஞ்ச தலைப்பகுதியில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிக்கும். கிட்டார் கீழே விழுந்தா டக்குன்னு உடையறது அந்த இடத்துலதான். சாய்வெட்டு ஒட்டில் ரெண்டு துண்டிலும் நார் நீளவாக்கில் ஓடும், பசை பிடிக்கவும் நிறைய பரப்பு இருக்கும். மரமும் குறைவு, பலமும் அதிகம். ஆனாலும் விளம்பரத்தில் "ஒன் பீஸ் நெக்"ன்னு போட்டா விலை ஏறுது. இதை என்னன்னு சொல்ல?

பின்பலகை, பக்கப்பலகை மரத்துக்கு வருவோம். ரோஸ்வுட், அதாவது நம்ம தோதகத்தி, ஈட்டி வகை. பிரேசில் ரோஸ்வுட் 1992-லேயே சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஏறி வியாபாரம் கிட்டத்தட்ட நின்னது. 2017 ஜனவரியில் அந்த டால்பெர்ஜியா பேரினம் முழுக்க, நம்ம ஊர் ஈட்டியும் சேர்த்து, ரெண்டாவது பட்டியலில் வந்துடுச்சு. கிட்டாரைத் தூக்கிக்கிட்டு டூர் போறவங்களே பேப்பருக்கு அலைய வேண்டியதாச்சு. அப்புறம் 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்தாங்க. தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்தில் நிக்கிற ஈட்டி மரமா இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 1994-ல் தனிச் சட்டமே போட்டாங்க. இவ்வளவு நெருக்கடியிலும் "ரோஸ்வுட் இல்லன்னா சவுண்டு வராது"ங்கற பேச்சு மட்டும் மாறவே இல்ல.

அதை இங்கிலாந்தில் நேராகவே சோதிச்சாங்க. லங்காஸ்டர் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட ஆய்வு, 2018-ல் வெளிவந்தது. ரோஜர் பக்நால்ங்கற கிட்டார் செய்பவர் ஆறு கிட்டார் செய்தார். எல்லாமே ஒரே அளவு, ஒரே மேல்பலகை வகை. பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வெவ்வேறு மரம், பிரேசில் ரோஸ்வுட்ல இருந்து சாதாரண சபேலி வரைக்கும். 52 கிட்டார் வாசிப்பவர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கல் வெளிச்சத்தில் வாசிக்க விட்டாங்க. மதிப்பெண்ணில் பெரிசா வித்தியாசமே இல்ல. எது எந்த மரம்னு நம்பகமா யாராலும் பிரிக்க முடியல. மேல்பலகைக்கு இந்த முடிவு பொருந்தாது, அது சத்தத்தில் பெரிய பங்கு எடுக்கிற பாகம். ஆனா பின்பலகைக்கு ஊர்ல சாதாரணமா வளர்ற மரம் போதும்னு சொல்ல இது நல்ல ஆதாரம்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு நினைச்சிருந்தேன், ரூம்மேட் வீட்டுக்குப் போற வரைக்கும். அவன் அம்மா தஞ்சாவூர்ல வீணை டீச்சர். "ஏகாந்த வீணையா ஆன்ட்டி இது?"ன்னு கேட்டேன். "ஏகாந்தம்னா தனிமை தம்பி. இது ஏகாண்டம்"னு சிரிச்சுக்கிட்டே திருத்தினாங்க. (இங்கிலீஷ் மீடியம், மன்னிக்கவும்.) குடம், தண்டி, யாளி முகம் வரைக்கும் ஒரே மரத்தில் குடைஞ்சு எடுத்தா ஏகாண்டம். தனித்தனியாச் செய்து சேர்த்தா ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு மதிப்பும் விலையும் ரொம்ப ஜாஸ்தி. இப்ப பை டு ஃப்ளை போட்டுப் பாருங்க. குடம் அகலமானது, தண்டி ஒல்லியானது. ரெண்டும் ஒரே கட்டையில் வேணும்னா, குடத்தின் அகலத்துக்கு ஏத்த கட்டையை முழு நீளத்துக்கும் எடுத்து, தண்டி பக்கத்தைச் சீவிக்கிட்டே வரணும். அப்புறம் உள்ளேயும் குடையணும். கிட்டார் கழுத்துல பார்த்த அதே கணக்கு, இன்னும் பெரிய சைஸ்ல.

ஒட்டு வீணையே வாசிங்கன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆன்ட்டி ஏகாண்டத்துல நாதம் இழையுறது வேறன்னு சொன்னாங்க, அவங்க காது நாற்பது வருஷக் காது. ஆனா கத்துக்க ஆரம்பிக்கிற பசங்களுக்கும் "ஏகாண்டம்தான் வாங்கணும்"னு பெற்றோர் கேட்கிறாங்களாம். அது கறுப்புக் கருங்காலி கேஸ் மாதிரியே இருக்கு.

ஆனா வீணைக்காரங்க பக்கம் ஒரு பெரிய ப்ளஸ் இருக்கு. வீணை, மிருதங்கம் ரெண்டுக்கும் பலா மரம்தான், அதிலும் பண்ருட்டி பலாவுக்குப் பேர். பலா காட்டை அழிச்சு எடுக்கிற மரம் இல்ல, பழத்துக்காக வளர்த்து, காய்ப்பு குறைஞ்ச பிறகு மரமா விக்கிறது. ஒரு மரம் பல வருஷம் சோறு போட்டுட்டு அப்புறம் வீணை ஆகுது. உலகத்துல நிறைய கிட்டார் கம்பெனிகள் இப்பத்தான் தேடி அலையுற மாடல் இது. குடையும்போது விழுற சீவலுக்கும் வழி இருக்கு. பலாவின் வைரப் பகுதியை வேகவெச்சா மஞ்சள் சாயம் வரும். இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்த பிக்குகளின் அங்கியை அதில்தான் தோய்ச்சாங்க. இயற்கைச் சாயத் துணிக்கு இப்ப இருக்கிற மவுசுக்கு, சீவலை அடுப்புல போடறதை விட இதை யாராவது ஸ்டார்ட்-அப்பா பண்ணலாம். (இ-செல் நண்பர்கள் கவனிக்க. ஐடியாவுக்குப் பத்து பர்சென்ட் போதும்.)

இன்னொரு யோசனையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் பக்கம் கரை ஏறினப்ப பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் கொத்துக் கொத்தா சாய்ஞ்சது. 2016-ல் வர்தா வந்தப்ப சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்தது. கலிபோர்னியாவில் நகரத்துத் தெருக்களில் வயசாகி வெட்டப்படுற ஷேமல் ஆஷ் மரத்தை எடுத்து 2020-ல் டெய்லர் கம்பெனி கிட்டாரே போட்டாங்க. இங்க ஏன் முடியாது? நான் யோசிச்ச வரைக்கும் சிக்கல் சேமிப்பில்தான் இருக்கு. ஈர மரத்தில் கருவி செய்ய முடியாது, காயும்போது முறுக்கும், வெடிக்கும். காத்துல காய வைக்க ஒரு அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு வருஷம்னு ஒரு பொதுக் கணக்கு சொல்வாங்க. ஒரு சின்னப் பட்டறை நூறு கட்டையை வாங்கி, முனைக்கு மெழுகு தடவி, நிழல்ல அடுக்கி, வருஷக்கணக்கா பணத்தை முடக்கி உட்கார முடியுமா? முடியாது. அரசோ கூட்டுறவு சங்கமோ ஒரு மர வங்கி வெச்சா முடியும். புயல் நமக்கு எப்படியும் வரப்போகுது.

மிருதங்கத்துக்குத் தோலுக்கும் மரத்துக்கும் பதிலா ஃபைபர் கிளாஸ், செயற்கைப் படலம்னு பெங்களூரில் வரதரங்கன் 'ஸ்ரீ மிருதங்கம்' செய்திருக்கார். தோல் வேணாம்ங்கறவங்களுக்கு நல்ல மாற்று. ஆனா 'வேஸ்ட்'ங்கற ஒரே கணக்கில் பார்த்தா எனக்குச் சந்தேகம் இருக்கு: பலாக் கட்டை கடைசியில் மக்கும், ஃபைபர் மக்காது, ரீசைக்கிளும் சுலபம் இல்ல. கிளாரினெட்டில் ஒரு நடுவழி பார்த்திருக்காங்க. பிரான்ஸின் புஃபே க்ராம்பன் கம்பெனியின் 'கிரீன்லைன்' மாடலில் 95 சதவீதம் ஆப்பிரிக்க பிளாக்வுட் மரத்தூள், மீதி கார்பன் ஃபைபரும் ரெசினும். குப்பைக்குப் போற தூளே கருவி ஆகுது, வெடிக்கவும் வெடிக்காது.

இவ்வளவையும் விடச் சுலபமான வழி, இருக்கிறதைத் தூக்கிப் போடாம இருக்கிறது. வீணையை அதுக்கேத்த மாதிரியே வடிவமைச்சிருக்காங்க பாருங்க. 24 மெட்டும் மெழுகும் கரியும் கலந்த படுக்கையில் உட்கார்ந்திருக்கு. சுருதி விலகினா மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி மறுபடி வைக்கலாம், மரத்தைத் தொடவே வேண்டாம். 'டிசைன் ஃபார் ரிப்பேர்'னு நாம இப்ப ஸ்லைடு போடறோம்.

இதை எழுதக் காரணத்துக்கு வர்றேன். நம்ம மியூசிக் கிளப் ஸ்டோர் ரூம்ல நாலு கிட்டார், ஒரு வீணை, ரெண்டு மிருதங்கம் கிடக்கு. இந்த வருஷ பட்ஜெட்டில் எல்லாத்தையும் ஸ்கிராப் போட்டுப் புதுசு வாங்கலாம்னு ஒரு பேச்சு ஓடுது. நான் ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்த்தேன். ரெண்டு கிட்டாருக்குப் பிரிட்ஜ் கழண்டிருக்கு, பசையும் கிளாம்ப்பும் போதும். ஒண்ணுக்கு டியூனிங் கீ போயிருக்கு. ஒண்ணு மட்டும் மேல்பலகை பிளந்து நிஜமாவே முடிஞ்ச கேஸ், அதன் கீயைக் கழட்டி மத்ததுக்குப் போட்டுக்கலாம். மிருதங்கத்துக்குத் தோல் மாத்தணும், கட்டை நல்லா இருக்கு. வீணைக்கு மெழுகு வைக்கணும்; ரூம்மேட் அம்மா தஞ்சாவூர்ல ஆளைச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.

சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்ல ரெண்டு பெஞ்ச் கேட்டு வாங்கியிருக்கேன், லேப் இன்சார்ஜ் சார் ஓகே சொல்லிட்டார். ஜி-கிளாம்ப் இருக்கிறவங்க கொண்டு வாங்க. சீனியர் அண்ணாவுக்கு அந்த 2,000 ரூபாயை ஜி-பே பண்ணினேன். "எதுக்குடா?"ன்னு கேட்டார். கோட்டு மேட்டரைச் சொன்னேன். பணத்தைத் திருப்பி அனுப்பிட்டு, "பசை வாங்கிக்கோ"ன்னு மெசேஜ் போட்டிருக்கார்.