ஈரலில் சீழ்க்கட்டி: ஆண்களையே ஏன் அதிகம் பிடிக்கிறது?

குளிரோடு காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே உயிர் போகும் வலி. ஸ்கேனில் ஈரலில் சீழ் தெரிந்ததும் உறவினர்கள் முதலில் கேட்பது, "குடிப்பானோ?" என்றுதான். மது இந்த நோய்க்கு வழிவிடும் என்பது உண்மை. ஆனால் சொட்டுக்கூடக் குடிக்காத ஆணுக்கும் வருகிறது. அவரையும் குடிகாரராக்கிப் பேசுவது அநியாயம்.

மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியாகத்தான் இந்தக் கட்டியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்ற அமீபா வயிற்றுக்குள் போகிறது. ஆண், பெண் இருவர் குடலிலும் ஏறக்குறைய சமமாகவே தங்கும். பெரும்பாலோருக்குத் தொந்தரவே இருக்காது, சிலருக்குச் சீதபேதி. ரத்தத்தில் ஏறி ஈரலைத் தொட்டதும்தான் கணக்கு மாறுகிறது. வயது வந்த ஆண்களுக்குக் கட்டி வருவது பெண்களைவிட 3 முதல் 10 மடங்கு அதிகம். சிறுவர் சிறுமியரிடம் இந்த வித்தியாசம் இல்லை. அப்படியானால் ஹார்மோன் மேல்தானே சந்தேகம் விழும்?

ஜெர்மனியில் ஹம்பர்க் நகரின் பெர்ன்ஹார்ட் நோக்ட் வெப்பமண்டல மருத்துவ நிலையத்தில் ஹன்னெலோர் லாட்டர் குழுவினர் எலிகளில் இதைச் சோதித்தார்கள். விதை நீக்கிய ஆண் எலிகளுக்குக் கட்டி சிறுத்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த பெண் எலிகளுக்குக் கட்டி கூடியது. ஈரலில் அமீபாவை மடக்குவதில் என்.கே.டி. என்னும் எதிர்ப்பு செல்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்துதான் அவை போராடுகின்றன. பெண் எலிகளிடம் அந்தச் சுரப்பு தாராளம். டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்கிவிடுகிறது. செல்களின் எண்ணிக்கையில் குறைவில்லை, வேகத்தில்தான் குறைவு. இது 2013-இல் வெளியானது.

2020-இல் அதே நிலையத்தார் சொன்னது இன்னும் முக்கியம். ஆண் ஹார்மோன் பட்ட மனித மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள், அமீபாவின் கூறுகளைக் கண்டதும் மற்ற வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும் சிஎக்ஸ்சிஎல்1 என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கின்றன. எதிர்த்து நிற்கவேண்டிய இடத்தில் தளர்வு, அழற்சியில் மிகை. ஈரல் திசு அழிவதில் அமீபாவோடு நம் சொந்த செல்களுக்கும் பங்கிருக்கிறது. ஊசியில் உறிஞ்சும்போது வருகிற, கருப்பட்டிப் பாகு நிறத்தில் நாற்றமில்லாத அந்தச் சீழ், கரைந்துபோன ஈரல்தான்.

பெண்களுக்கு வரவே வராது என்று இதற்குப் பொருளில்லை. அதே காய்ச்சலும் வலியும் இருந்தால் அவர்களுக்கும் ஸ்கேன் வேண்டும். குடிநீரில் கலக்கும் வழக்கமான குளோரினுக்கு அமீபாவின் கூடுகள் எளிதில் சாவதில்லை; கொதிக்கவைத்தால் சாகும். கட்டிக்கு மெட்ரோனிடசோல் நன்றாகக் கேட்கும். குடலில் மிச்சமிருப்பதை ஒழிக்க அதன்பின் வேறொரு மருந்து தரவேண்டும். காய்ச்சல் விட்டாலும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடியுங்கள்.