வெயிலைத் தாண்டாத பறவை

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் சரிவில், போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளும் ஏலத்தோட்டங்களும் தேயிலையும் பின்தங்கிய பிறகு, பனிமூட்டம் எளிதில் விலகாத மலைமடிப்புகளில் சோலை எனப்படும் குட்டைமரக் காடுகள் எஞ்சியிருக்கின்றன. வைகறையில் அவற்றின் ஓரமாக அசையாமல் நிற்பவரின் செவியில் மெல்லிய சீழ்க்கையும் கரகரத்த சுரங்களும் கலந்த நீண்ட கானம் வந்து விழுமானால், பாடுவது பெரும்பாலும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று கொள்ளலாம்.

கிளி என்றதும் பச்சை நிறத்தையும் வளைந்த மூக்கையும் தேடுகிறவர் ஏமாந்து போவார். மலையாளத்தில் சிறு பறவைகள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்கும் சொல் அது. நம் பறவையோ சிட்டுக்குருவியின் பருமனே உடையது. உடல் கருநீலம், வயிறு வெண்மை, கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்பு, அதன்மேல் வெளிறிய புருவக்கோடு. சோலையின் இருளில் நீலம் கறுப்பாகவே தோன்றுமாகையால் வயிற்றின் வெண்மையைத்தான் நம்ப வேண்டும். கிளைகளை அண்ணாந்து பார்ப்பதும் வீண். நீண்ட கால்களால் சருகுகளின்மேல் தத்திப் பூச்சிகளைப் பொறுக்கி, ஆளரவம் கேட்டால் புதருக்குள் மறைவது இதன் சுபாவம்.

1868-இல் பிளான்போர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி இதை விவரித்த நாள்முதல், காலையும் நடையையும் கண்டு மயங்கிய பண்டிதர்கள், இதைக் குட்டைச்சிறகிகளின் குலத்திலும் வேறு குலங்களிலும் மாறி மாறிச் சேர்த்துவந்தார்கள். மரபணுக்களை ஒப்புநோக்கிய வி. வி. ராபினும் சகாக்களும் 2017-இல்தான், இது நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய உறவென்று கண்டு, ‘ஷோலிகோலா’, அதாவது சோலைவாசி, என்ற தனிப்பேரினத்தை அமைத்தார்கள். தோற்றத்தைக் கொண்டு குலம் சொல்வதில் இத்தனை காலம் தவறியிருக்கிறோம்!

இதனினும் விசேஷம் இதன் எல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலுள்ள சோலைக்கிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே நம் பறவைக்கு அந்நிறமில்லை. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் இருப்பது வேறொரு இனம் என்று அதே ஆய்வு நிர்ணயித்தது. குளிர்ந்த உச்சிகளே இதற்குத் தீவுகள். இடையிலுள்ள தாழ்ந்த, வெப்பமான நிலமே சமுத்திரம். மனிதன் வண்டியோட்டி வணிகம் செய்த அதே பாலக்காட்டுக் கணவாய், இதன் வம்சத்தை நெடுங்காலம் பிரித்துவைத்த மதிலாயிற்று. ஏலமூட்டைகள் போடிக்கு இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவை புறப்பட்ட மலைகளுக்கும் மேலே, தேயிலை தின்றது போக மிஞ்சிய துண்டுச் சோலைகளுக்குள், இந்தப் பறவை சருகைக் கிளறிக்கொண்டிருக்கிறது.